ஐந்தாவது நாற்காலிக்கு நான்கு பருவம்

கதையம்மா வீடு எது என்று அந்தக் குடியிருப்பில் கேட்டால், தபால்காரரிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோரும் நான்காவது மாடியைக் கைகாட்டுவார்கள். குழந்தைகளுக்காக அவள் பதினோரு புத்தகங்கள் எழுதியிருந்தாள். எல்லாமே இருபத்து நான்கு பக்கம். எல்லாவற்றிலும் ஒரு குடும்பம், ஒரு பருவம், ஒரு பிரார்த்தனை. மழைக்காலப் புத்தகத்தில் அண்ணனும் தங்கையும் காகிதக் கப்பல் விடுவார்கள். குளிர்காலப் புத்தகத்தில் போர்வையால் கூடாரம் கட்டுவார்கள். நடுவில் ஏதாவது தொலையும், உடையும், யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். குழந்தை கண்ணை மூடிக் கடவுளிடம் கேட்கும். இருபத்து நான்காம் பக்கத்துக்குள் கேட்டது கிடைத்துவிடும்.

எழுதியதில் பாதி அவள் வீட்டிலேயே நடந்ததுதான். ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் முதல் சனிக்கிழமை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டுவாள்: 'இந்தப் பருவத்து வேலைகள்.' அன்று மதியம் குடும்பமே வேலையில் இறங்க வேண்டும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்தில் யார் எந்த மாடியில் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரியாது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை மதியம் மட்டும் வேலையை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு வீட்டில் இருப்பார். ஒன்பது வயது மகளை எல்லோரும் மிளகு என்றார்கள். ஆள் சின்னது, காரம் பெரிது. ஐந்து வயது மகன் டமாரம். ரகசியம் சொன்னால் மூன்றாவது மாடிக்குக் கேட்கும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான்கு பேரும் கைகூப்பி ஆளுக்கொன்று சொல்வார்கள். டமாரத்தின் பங்கு எப்போதும் நீளம்.

"லாரிக்கு நன்றி. லிஃப்டுக்கு நன்றி. இன்னிக்குக் கத்திரிக்காய் செய்யாததுக்கு ரொம்ப நன்றி."

அந்த வருஷம் வெயில்காலம் தொடங்கியபோது கதையம்மா மறுபடியும் கருவுற்றிருந்தாள். செய்தி தெரிந்த அன்றே கணவர் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கால் ஒன்று ஆடியது. அதற்கு ஆப்பு வைத்து, உப்புக் காகிதம் தேய்த்து, மஞ்சள் வண்ணம் அடித்துச் சாப்பாட்டு மேசையோடு ஐந்தாவதாகப் போட்டார்.

"இன்னும் ஆளே வரல. அதுக்குள்ள சீட்டு பிடிச்சாச்சா?" என்று சிரித்தாள் அவள்.

"பின்னே? வந்தப்புறம் தேடினா நிக்க வெச்சா சோறு போடுவே?"

அன்றிலிருந்து மிளகின் பிரார்த்தனை ஒன்றேதான். "தங்கச்சி பாப்பா வேணும். நல்லபடியா வரணும்." ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

ஐந்தாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

மருத்துவமனையில் மூன்று நாள் இருந்துவிட்டுக் கதையம்மா வீட்டுக்கு வந்தாள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் கைகூப்பினார்கள். மிளகு கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் முறைடா கண்ணு," என்றார் அப்பா.

"எனக்கு வேணாம்."

அம்மா அவள் தலையைத் தொட்டாள். மிளகு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கரெக்டாத்தானே கேட்டேன்? தினம் கேட்டேன்ல? அப்புறம் ஏன்மா?"

"தெரியலடா."

"தெரியலையா? உன் புத்தகத்துல எல்லாம் தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கே. அது மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

மகள் கோபத்தில் சொன்னாள் என்று விட்டுவிடலாம். கதையம்மாவால் விட முடியவில்லை. மறுநாள் அலமாரியிலிருந்து தன் பதினோரு புத்தகங்களையும் எடுத்துக் கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்த்தாள். தொலைந்த பூனை திரும்பியது. நின்ற மழை பெய்தது. ஊருக்குப் போன மாமா கதவைத் தட்டினார். ஒவ்வொன்றும் அவள் கையெழுத்தில் பிறந்தது. எதிலும் அவளுக்கு இப்போது மனம் ஒட்டவில்லை. எழுதும் நோட்டைத் தலையணை உறைகளுக்கு அடியில் வைத்து மூடினாள். பிரார்த்தனை மண்டபத்துக்கு வாராவாரம் போனாள், எல்லோரோடும் வாயசைத்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

இலையுதிர்காலம் வந்தது. முதல் சனிக்கிழமை ஃபிரிட்ஜ் கதவு வெறுமையாக இருந்ததைப் பார்த்த கணவர், வேலைக்குக் கொண்டுபோகும் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தானே எழுதி ஒட்டினார். பல் துலக்கிக்கொண்டே வந்து படித்த மிளகு பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்பா, 'இலை பெருக்குதல்'னு எழுதியிருக்கே."

"ஆமா. வருஷா வருஷம் செய்றதுதானே?"

"பொறுக்குறதுப்பா! பெருக்கணும்னா துடைப்பம் எடுத்துட்டு வரணும். பூங்காவுல நமக்குச் சம்பளமே குடுத்துடுவாங்க."

அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கதையம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஏழு வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரிப்புக் கேட்டது. கணவர் எழுத்துப் பிழையைத் திருத்தவேயில்லை. துடைப்பம் ஒன்றையும் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

நான்கு பேரும் பூங்காவில் மாலைவரை இலை பொறுக்கினார்கள். முந்தின நாள் தூறலில் எல்லாம் நனைந்திருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து செய்தித்தாள் விரித்து மேசையில், தரையில், கட்டிலில், இஸ்திரிப் பலகையில் பரப்பினார்கள். இன்னும் ஒரு பை மிச்சம் இருந்தது. மிளகு சுற்றிலும் பார்த்தாள். மூலையில் சுவரைப் பார்த்தபடி அந்த மஞ்சள் நாற்காலி நின்றது. அம்மா மருத்துவமனையில் இருந்தபோது அப்பா அதை அங்கே நகர்த்திவைத்தார்; அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை, அதைப் பற்றி யாரும் பேசவுமில்லை. அவள் போய் அதைத் தரதரவென்று இழுத்து ஜன்னலோரம் போட்டு, அதன்மேல் இலைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று இரவு மேசையில் மிளகின் முறையைத் தாண்டி டமாரம் லாரியை ஆரம்பிக்கப் போனபோது, "இரு," என்றாள் மிளகு. கை கூப்பவில்லை, கண் மூடவில்லை. மாடிவீட்டுக்காரர் சத்தம் போடும்போது பார்ப்பாளே, அப்படிக் கூரையைப் பார்த்தாள்.

"நான் இன்னும் உங்க மேல கோபமாத்தான் இருக்கேன். அந்தச் சிவப்பு இலை மட்டும் நல்லா இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

"வேற ஒண்ணும் இல்ல!" என்று டமாரம் வழிமொழிந்தான்.

மறுநாள் காலை கதையம்மா தலையணை உறைகளுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தாள்.

புதுப் புத்தகத்துக்கு 'ஐந்தாவது நாற்காலி' என்று தலைப்பு வைத்தாள். ஒரு வீட்டில் பாப்பாவுக்காக நாற்காலி வாங்குகிறார்கள். பாப்பா வரவில்லை. நாற்காலி மட்டும் இருக்கிறது. அந்த வீட்டுச் சிறுமி இலையுதிர்காலத்தில் அதன்மேல் இலை காயவைக்கிறாள், மழைக்காலத்தில் அதன்மேல் ஏறி ஜன்னல் வழியே மழை பார்க்கிறாள், குளிரில் அதைக் கூடாரத்துக்குத் தூணாக்குகிறாள், வெயில்காலத்தில் அதன்மேல் நாற்றுத் தட்டு வைக்கிறாள். ஒவ்வொரு பருவத்திலும் கடவுளைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறாள். சண்டைக்கு நடுவே தான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறாள்.

எழுத எழுத, பள்ளிவிட்டு வந்த மிளகு பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். பதினோரு புத்தகங்கள் எழுதிய அம்மாவுக்குத் தயவு தாட்சண்யம் இல்லாத ஒரு வாசகி கிடைத்தாள்.

"'பாப்பா ஒரு நட்சத்திரமா மாறிட்டா'ன்னு எழுதியிருக்கே. யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. ஆறுதலா இருக்கும்னு..."

"தெரியாததை எழுதாதே." வரியின் மேல் கோடு விழுந்தது. "அப்புறம் இந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணா இருக்கா. கோபம் வந்தா கதவைச் சாத்துவா. எழுது."

"நீ சாத்தினியா?"

"ரெண்டு தடவை. நீ தூங்கிட்டு இருந்தே."

படங்களையும் மிளகே வரைந்தாள். அவள் படங்களில் எல்லோருக்கும் ஒரு காதுதான். கேட்டால், "பக்கவாட்டுல நிக்கிறாங்க," என்பாள். மழை முழுவதும், குளிரில் பாதியும் அந்த மேசையில் கழிந்தது. வெயில் பக்கத்தை மட்டும் வெயில் வருமுன்பே எழுதி முடித்தார்கள்.

கதையம்மா பிரதி எடுத்து இரண்டு இடங்களுக்குக் கொடுத்தாள். ஒன்று, பதினோரு புத்தகங்களையும் வெளியிட்ட பதிப்பகம். இன்னொன்று, பிரார்த்தனை மண்டபம். ஆண்டுதோறும் மண்டபத்தில் நடக்கும் குடும்ப நாளில் அவள்தான் புதுக்கதை வாசிப்பாள்.

பதிப்பாசிரியர் அவளை நேரில் கூப்பிட்டார். அறை முழுக்க அட்டைப்பட மாதிரிகள். நல்ல மனுஷி, கண் கலங்கித்தான் பேசினார்.

"மேடம், படிச்சுட்டு அழுதுட்டேன். சத்தியமா. ஆனா ரெண்டே ரெண்டு மாற்றம். கடவுள் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கார். அவருக்குப் பதிலா 'இயற்கை'ன்னு போட்டுக்கலாம்."

"இயற்கைகிட்ட யாராவது சண்டை போடுவாங்களா?"

"அதான் சொல்றேன், சண்டையும் வேண்டாமே. அப்புறம் முடிவு. குழந்தைங்க வெறுங்கையோட போகக்கூடாது. ஒரு நாய்க்குட்டி வந்தா?"

"நாய்க்குட்டியா?"

"பெருசா வேண்டாம் மேடம். கடைசிப் பக்கத்துல, கதவு ஓரமா, வால் மட்டும் தெரிஞ்சாலே போதும்."

வால் மட்டும் தெரியும் நாய்க்குட்டியை நினைத்தபடி அவள் பேருந்தில் வீடு திரும்பினாள்.

இரண்டு நாள் கழித்து மண்டபத்துச் செயலாளர் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஓரங்களில் பத்தொன்பது இடத்தில் சிவப்புப் பென்சில்.

"எழுத்துல குறையே இல்லம்மா. விஷயம்தான். கடவுள்கிட்ட மல்லுக்கு நிக்கிற பொண்ணு. நம்ம பிள்ளைங்களுக்கு இதையா சொல்லிக் கொடுக்கணும்?"

"மல்லுக்கு நின்னாலும் பேசிக்கிட்டுத்தானே இருக்கா ஐயா?"

"கேட்டதும் கிடைக்கல, காரணமும் சொல்லல. விடை இல்லாத கணக்கை நான் முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாளும் போர்டுல எழுதினதில்லம்மா. இந்த வருஷம் பழைய மழைக்கதையையே வாசிச்சுடுங்க."

சேதி கேட்ட கணவர் வேலைப் பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஒருத்தருக்குக் கடவுள் ஜாஸ்தி, இன்னொருத்தருக்குக் கம்மி. ரெண்டு பேரையும் ஒரே லிஃப்ட்ல ஏத்தி விடு. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நான் நிறுத்திடறேன். பேசி முடிவுக்கு வந்தப்புறம் திறக்கலாம்."

அவள் சிரித்தாலும் மனம் ஆறவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. ஒரு வால்தானே.

அந்த வாரம் ஒரு மதியம், யாரும் இல்லாத நேரத்தில் அவள் மண்டபத்துக்குப் போனாள். துப்புரவுக்காரர் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ மாதமாக வாயசைத்த வார்த்தைகளை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். பிறகு மகள் பேசியதுபோல, கண்ணைத் திறந்துகொண்டு, தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினாள். குழந்தையை ஏன் கொடுத்து ஏன் எடுத்தாய் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் ஒரு பச்சைக் குழந்தை அழுதபோது தான் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டதைச் சொன்னாள். புருஷனிடம்கூடச் சொல்லாதது அது. சொல்லச் சொல்லக் கோபம் வந்தது, அழுகை வந்தது, மூக்கு ஒழுகியது, கைக்குட்டை இல்லாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பதில் ஒன்றும் வரவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. ஆனாலும், கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பேசினோம் என்ற உறுதி அவளுக்குள் வந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்காலியைத் திரும்ப அடுக்கிவிட்டு, படி இறங்கும்போதே தீர்மானித்துவிட்டாள். ஒரு எழுத்து மாறாது. வாலும் கிடையாது.

அங்கிருந்து நேராகப் பொது நூலகத்துக்கு நடந்தாள். குழந்தைகள் பிரிவு நூலகர் 'சத்தம் போடாதீர்கள்' என்று கட்டடம் அதிரச் சொல்கிறவர். பிரதியை நின்றபடியே வாசித்து முடித்தார்.

"வெயில்காலத்து முதல் சனிக்கிழமை எனக்கு ஹால் காலியா இருக்கு," என்றார். "விதை ஊன்றப் பிள்ளைங்களைக் கூப்பிடறேன். வர்றவங்க கதையையும் கேட்டுட்டுப் போகட்டும். அச்சடிச்சாத்தான் புத்தகமா?"

அந்தச் சனிக்கிழமை நூலக ஹாலில் எழுபது குழந்தைகளும் அவர்களை அழைத்து வந்தவர்களும் இருந்தார்கள். நீள மேசைகளில் முட்டை அட்டைகள், ஈர மண், கிண்ணங்களில் அவரை விதையும் சூரியகாந்தி விதையும். கதையம்மாவின் கணவர் ஆளுக்கொரு முட்டை அட்டை வெட்டிக் கொடுத்தார். டமாரம் ஒரு ஸ்டூல் மேல் ஏறி, "ஒரு குழிக்கு ஒரு விதை! ஒரு குழிக்கு ஒரு விதை!" என்று கத்திக்கொண்டிருந்தான். நூலகரே அவனைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டார்.

கை கழுவி எல்லோரும் தரையில் உட்கார்ந்ததும் வாசிப்புத் தொடங்கியது. மிளகு பக்கத்தில் நின்று படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். அப்போதுதான் கடைசி வரிசையில் செயலாளர் உட்கார்ந்திருந்ததைக் கதையம்மா பார்த்தாள். பேத்தி விதை ஊன்ற ஆசைப்பட்டாள் என்று கூட்டிவந்திருந்தார். கை கழுவாமலே உட்கார்ந்திருந்தார், முழங்கைவரை மண். கதையம்மா கையிலிருந்த பக்கத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தாள்.

பாப்பா வரவில்லை என்ற பக்கத்தில் ஹால் அடங்கிவிட்டது. சிறுமி கதவைச் சாத்திய பக்கத்தில் ஓர் அம்மா எழுந்து தன் பையனின் கையைப் பிடித்து இழுத்தார். பையன் தரையோடு ஒட்டிக்கொண்டான். "முடியட்டும்மா, முடியட்டும்!" அந்த அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

கடைசிப் பக்கம் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. போச்சு, என்று நினைத்தாள் கதையம்மா.

முன்வரிசையில் ஒரு கால் உறை மட்டும் போட்டிருந்த சிறுவன் கை தூக்கினான்.

"நானும் கேட்டேன். எங்க பாட்டு வாத்தியார் வேற ஊருக்குப் போகக்கூடாதுன்னு. போயிட்டார்."

"நான் எங்க நாய்க்காகக் கேட்டேன்," என்றாள் இன்னொருத்தி.

"எங்க அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டுல இருக்கணும்னு கேட்டேன்."

பிறகு வரிசையாகக் கைகள் எழும்பின. பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். இதெல்லாம் இத்தனை நாள் இந்தச் சின்னத் தலைகளுக்குள் இருந்ததா என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. கால் உறைப் பையன் விஷயத்தை முடிக்கவில்லை. "நான் கோபமா இருக்கேன்னு சொல்லலாமா? சொன்னா ஒண்ணும் ஆகாதா?"

கதையம்மா வாயைத் திறப்பதற்குள் மிளகு பதில் சொன்னாள். "ஒண்ணும் ஆகாது. நான் பல மாசமா சொல்றேன். நல்லாத்தான் இருக்கேன்."

ஹால் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது கடைசி வரிசையிலிருந்து பேத்தியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தாத்தா, நீங்க கேட்டு வராம போயிருக்கா?"

எல்லோரும் திரும்பினார்கள். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மண் கையால் தொட்டதில் கண்ணாடி மேலும் அழுக்கானது.

"போயிருக்கு. உங்க பாட்டி படுத்திருந்தப்போ, நாப்பது நாள் கேட்டேன்."

"வரலையா?"

"வரலம்மா."

"அப்போ உங்களுக்கும் கோபமா?"

அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு, "இன்னமும்," என்றார். பேத்தி அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். முதலில் கை தட்டியது, எழுந்து போகப் பார்த்த அந்த அம்மாதான்.

அன்று புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களிடம் நூலகர் ஆளுக்கொரு விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். 'நூலகத்துக்கு வாங்க வேண்டிய நூல்' என்று தலைப்பிட்ட, யாரும் நிரப்பாமல் வருஷக்கணக்காக மேசை இழுப்பறையில் கிடந்த படிவம். ஒரு வாரத்தில் நூற்றுப் பதினேழு படிவங்கள் சேர்ந்தன. இன்னும் அச்சாகாத ஒரு புத்தகத்துக்கு. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி நூலகர் பதிப்பகத்துக்கே அனுப்பிவைத்தார்.

அதற்குள் செயலாளர் நான்காவது மாடிக்கு ஏறி வந்தார். அன்று பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. மெக்கானிக் வீட்டு லிஃப்டே இப்படியா என்று மூச்சு வாங்கியபடி கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு புது அழிரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பிரதியைக் கொண்டாங்கம்மா. பத்தொன்பது இடம். நான் போட்டதை நானே அழிச்சுட்டுப் போறேன்."

உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக அழித்தார். பென்சில் தூளை ஊதித் தள்ளினார். முடித்ததும், "குடும்ப நாளில் இதையே வாசிக்கணும்," என்றார். சற்றுத் தயங்கினார். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா, அந்தக் கதவு சாத்துற பக்கத்தை மட்டும் நான் வாசிக்கட்டுமா?"

குடும்ப நாளில் நானூறு பேர் நிறைந்த மண்டபத்தில் அவர் அந்தப் பக்கத்தை வாசித்தார். கணக்கு வாத்தியாரின் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது; நின்று, கனைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பின்னாலிருந்து யாரோ சத்தமாக அழுதார்கள், யாரும் அதற்காகத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டு வழிபாடு தொடங்கியபோது அவர் வழக்கமான வாசகத்தை விட்டுவிட்டு, "இன்னிக்கு அவங்கவங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க," என்றார். மண்டபம் முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கதையம்மா தன் குரலையும் அதில் கேட்டாள். பக்கத்தில் மிளகு உள்ளங்கைகளைச் சேர்த்துவைத்து, கண்ணை மட்டும் மூடாமல், விடாமல் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று இரவு வீட்டு மேசையிலும் அவள் முறை வந்தபோது பேச்சு முடிகிற பாடாக இல்லை. சூப் ஆறிப்போனது.

"கடவுளுக்கும் பசிக்கும்டி, விடு," என்றார் அப்பா.

பதிப்பாசிரியரின் அழைப்பு அடுத்த திங்கட்கிழமை வந்தது.

"மேடம், என் மேசைமேல ஒரு பெட்டி இருக்கு. நூத்திப் பதினேழு படிவம். அதுல ஒண்ணு என் அக்கா பொண்ணு கையெழுத்து. எனக்கே தெரியாம நூலகத்துக்குப் போயிருக்கா." காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. "நாய்க்குட்டி வேண்டாம்."

"கடவுள்?"

"அவர் இருக்கட்டும். ஒரு எழுத்தும் மாத்தல. படத்துக்கு மட்டும் நல்ல ஓவியர் ஒருத்தரை..."

"படமும் மாறாது. ஒரு காதோடதான் இருக்கும். அட்டையில ரெண்டு பேர் பெயரும் வரணும்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. பிறகு சிரிப்பு கேட்டது. "சரி மேடம். ஒரு காதோடவே போடறோம்."

இலைகள் மறுபடியும் உதிரத் தொடங்கிய வாரம் புத்தகம் வந்தது. வெளியீடு நூலகத்தில்தான் என்பதில் நூலகர் பிடிவாதமாக இருந்தார். காலை பத்து மணிக்கென்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்கே வரிசை வாசலைத் தாண்டி, சைக்கிள் நிறுத்தத்தைச் சுற்றி, தபால் நிலையம் வரை நீண்டிருந்தது. மண்டபத்திலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். மண்டபத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் வந்தார்கள். பதிப்பாசிரியர் அக்கா பெண்ணோடு வந்து, புத்தகக் கட்டுகளைத் தானே பிரித்து அடுக்கினார்.

கதையம்மாவுக்கும் மிளகுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. தொடக்கத்தில் வரிசை அம்மாவிடம் வந்தது. பத்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஒரு சிறுமி அவள் மேசை முன் நின்று, புத்தகத்தை நீட்டாமல், ஓரக்கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. கோபக்காரப் பொண்ணு அவங்கதானே? நான் அங்க வாங்கிக்கறேன்."

அவள் நகர்ந்ததும் அடுத்தவனும் நகர்ந்தான். பிறகு வரிசையே வளைந்து மிளகின் மேசைக்குப் போய்விட்டது. மிளகு நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஒவ்வொருவரிடமும் நீ என்ன கேட்டாய் என்று விசாரித்தாள், பதிலை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். வரிசை நத்தையாக ஊர்ந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கதையம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். வாசகர்களை மொத்தமாகப் பறிகொடுத்த எழுத்தாளர் இத்தனை சந்தோஷமாக இருந்து அந்த நூலகம் பார்த்திருக்காது. கணவர் பின்னால் வந்து தோளில் கை வைத்தார். அவர் கண் நிறைந்திருந்தது, மறைக்கவும் இல்லை.

வாசலில் டமாரம் அட்டைப் பெட்டிமேல் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். பேத்தியோடு பக்கவாட்டுக் கதவு வழியாக நுழையப் பார்த்த செயலாளரை அவன் கண் தப்பவிடவில்லை.

"தாத்தா! வரிசையில வாங்க! கடைசியில போய் நில்லுங்க!"

தபால் நிலையம் வரை கேட்டிருக்கும். செயலாளர் இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் சிரித்தபடி வரிசையின் கடைசிக்கு நடந்தார்.